ஞாயிறு என்பதே சரியான விடை

எங்கள் இரும்புலியூருக்கு ஒரு நிழற்குடை வேண்டுமென்று ஒன்பது வருடம் மனுக் கொடுத்தோம். பத்தாவது வருடம் நிழற்குடை வந்தது. அதைத் திறந்துவைக்க அமைச்சர் மாணிக்கவேலும் வந்தார். ரிப்பன் வெட்டினார், கை தட்டினோம், பொன்னாடை போர்த்தினார்கள். எல்லாம் முடிந்து கார்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்கள். அமைச்சர் காரில் ஏறவில்லை. புதுப் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார்.

“அய்யா, கிளம்பலாங்களா?” என்று உதவியாளர் குனிந்து கேட்டார்.

“பல்லாவரம் பஸ் வரட்டும்ப்பா. இருட்டறதுக்குள்ள வூட்டுக்குப் போவலன்னா அம்மா தேடும்,” என்றார் அமைச்சர்.

அவருக்கு எழுபத்தாறு வயது. அவருடைய அம்மாவின் நினைவு நாளுக்கு வருடா வருடம் முழுப்பக்க விளம்பரம் வருவது ஊருக்கே தெரியும். ஆனால் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நாற்பது நிமிடம் அவர் உட்கார்ந்திருந்தார். ஆறு அதிகாரிகள் கைகட்டிப் பக்கத்தில் நின்று, பல்லாவரம் பஸ் வருகிறதா என்று அவர்களும் எட்டி எட்டிப் பார்த்தார்கள். கடைசியில் செங்கல்பட்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பேருந்தை மடக்கிப் பயணிகளை இறக்கிவிட்டு, ‘பல்லாவரம்’ என்று அட்டையில் எழுதி முன்னால் மாட்டினார்கள். அந்தப் பேருந்து எதிர்ப்பக்கம் திரும்புவதற்காக ஜி.எஸ்.டி. சாலையை அரை மணி நேரம் நிறுத்தினார்கள். அமைச்சர் ஏறி, ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, எங்களுக்குக் கை காட்டிவிட்டுப் போனார்.

சாயங்காலத்துக்குள் வீடியோ எல்லோர் கைபேசிக்கும் வந்துவிட்டது. பதினோரு நாள் தொலைக்காட்சி விவாதம். ‘அமைச்சருக்கு ஆளும் மனத்தகுதி இருக்கிறதா?’ என்று சிவப்பு எழுத்தில் ஓடவிட்டு, ஆறு பேரைக் கட்டம் கட்டி உட்காரவைத்தார்கள். ஆறு பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். அதைப் பார்க்கப் பார்க்க, பெஞ்சில் பேசாமல் உட்கார்ந்திருந்த மாணிக்கவேல்மேல் எனக்கு மரியாதை கூடியது. “மக்களோடு மக்களாகப் பேருந்துக்குக் காத்திருந்த ஒரே அமைச்சர்” என்றார் ஆளுங்கட்சிப் பேச்சாளர். மறதியைப் பற்றிக் கேட்டதற்கு, “எங்கள் தலைவர் எதிரிகளின் துரோகத்தை மறப்பவர். தேர்தல் வாக்குறுதிகளையும் மறப்பவர். இதை மட்டும் மற, அதை மட்டும் வைத்துக்கொள் என்று ஒரு பெருந்தன்மையான மனதுக்கு நாம் உத்தரவு போட முடியாது,” என்றார்.

பன்னிரண்டாம் நாள், எதிர்க்கட்சித் தலைவர் வெள்ள நிவாரணக் கூட்டத்தில் வறட்சியைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசிய பழைய வீடியோ ஒன்று வெளியே வந்தது. அன்றைக்கே எல்லாக் கட்சிகளும் ஒற்றுமையாகிவிட்டன. ஒரு வாரியம் அமைத்துவிடலாம் என்று முடிவானது. வாரியம் அமைத்துவிட்டால் யாருடைய மனதையும் உடனே பார்க்க வேண்டியதில்லை அல்லவா?

‘பொதுமக்களைச் சுமப்போர் மனத்தகுதி வாரியம்’ என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். கிழக்குத் தாம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியை வாடகைக்கு எடுத்தார்கள். நாற்பத்திரண்டு ஊழியர்கள், உறுப்பினர் செயலராக ஹரிபிரசாத் என்ற மூத்த அதிகாரி. சட்டப்படி தலைவர்கள் மக்களைத் தோளில் சுமப்பவர்கள். அவர்கள் விரும்பினால் வந்து தேர்வு எழுதலாம். இரண்டு மாதமாகியும் ஒருவரும் விரும்பவில்லை. நாற்பத்திரண்டு பேரும் வேலையில்லாமல் கீழே நடக்கிற கல்யாணங்களில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஆகவே மக்களை வண்டியில் சுமப்பவர்களும் இந்தச் சட்டத்தில் வருவார்கள் என்று ஓர் அரசாணை போட்டார்கள். அவர்களுக்கு மட்டும் அது கட்டாயம்.

இப்படித்தான் எங்கள் வேன் ஓட்டுநர் ஜெரோம் மாட்டிக்கொண்டார்.

ஜெரோமுக்கு ஐம்பத்து மூன்று வயது. எங்கள் தெருக்களிலிருந்து பதினான்கு பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப் போகிறவர். என் மகள் நிஷாவும் அதில் ஒருத்தி. பத்தொன்பது வருடத்தில் ஒரு பிள்ளைக்கு ஒரு கீறல் விழுந்ததில்லை. அரசாணைக்கு அடுத்த மாதக் கடைசியோடு அவருடைய லைசன்ஸ் முடிகிறது. முன்பெல்லாம் ஒரு டாக்டர் கண்ணைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் போதும். இப்போது வாரியத்தின் சான்றிதழ் இல்லாமல் புதுப்பிக்க முடியாது. லைசன்ஸ் இல்லையென்றால் வேன் இல்லை, வேன் இல்லையென்றால் ஜெரோமுக்கு வேறு ஒன்றும் இல்லை.

தேர்வுக்கு வெறும் வயிற்றில் வர வேண்டும் என்று அறிவிப்பில் போட்டிருந்தது. ஏதோ சர்க்கரை நோய் முகாமின் படிவத்தைப் பார்த்து எழுதியதில் அந்த வரியும் சேர்ந்து வந்துவிட்டது என்று பிறகு தெரிந்தது. ஆனால் அரசாணையில் வந்துவிட்ட வரியை யார் எடுப்பது? ஒரு புதன்கிழமை காலை ஜெரோமும் பதினோரு ஓட்டுநர்களும் பட்டினியாகப் போய் உட்கார்ந்தார்கள். கீழே நாதஸ்வரம், மேலே சாம்பார் வாசனை.

அந்த நேரம் பார்த்து அமைச்சர் மாணிக்கவேல் உள்ளே நுழைந்தார். பின்னால் பதினைந்து கேமராக்கள். சாமானியரோடு சாமானியராகத் தேர்வு எழுதி எதிரிகளின் வாயை அடைக்க வேண்டும் என்று கட்சி முடிவு செய்திருந்தது. அவரை ஜெரோமுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள்.

“இன்னாப்பா, கல்யாணம் யாருக்கு?” என்று அமைச்சர் ஜெரோமைக் கேட்டார்.

“தெரியலீங்கய்யா. நாங்க பரீட்சைக்கு வந்துகீறோம்.”

“பரீட்சையா? சாப்டுட்டு எழுதலாமே. பசிக்குது,” என்றார் அமைச்சர். பிறகு சட்டைப் பையில் தேடி ஒரு கடலை மிட்டாயை எடுத்துப் பாதி ஒடித்து ஜெரோமிடம் கொடுத்தார். அன்று அந்த மாடியில் ஓட்டுநர்களின் பசியைக் கவனித்த ஒரே மனிதர் அவர்தான். இதை ஜெரோம் என்னிடம் மூன்று தடவை சொல்லிவிட்டார்.

இருபது கேள்விகள். எல்லாம் வாய்மொழி. எழுத்தர் ஒருவர் பதிலை எழுதிக்கொள்வார். இன்று என்ன கிழமை? “ஞாயித்துக்கெழம. அதான் கல்யாணம் நடக்குதே,” என்றார் அமைச்சர். இப்போது எங்கே இருக்கிறீர்கள்? “பல்லாவரம் பள்ளிக்கூடத்துல.” நூறிலிருந்து ஏழு போனால் மீதி என்ன? “அது எதுக்குப் போவணும்? நூறும் இருக்கட்டும்.” இப்படியே இருபதும். ஜெரோம் புதன் என்றார், தாம்பரம் என்றார், தொண்ணூற்று மூன்று என்றார்.

மறுநாள் வாரியம் உத்தேச விடைக்குறிப்பை வெளியிட்டது. ஜெரோமுக்கு இருபதுக்கு இருபது. அமைச்சருக்கு மூன்று. தன் பெயரைச் சரியாகச் சொல்லியிருந்தார். நெருப்பு சுடும் என்று சொல்லியிருந்தார். பசிக்கிறதா என்ற கேள்விக்கு ஆமாம் என்று சொல்லியிருந்தார்.

ஆட்சேபம் இருந்தால் ஏழு நாட்களுக்குள் ஆதாரத்தோடு தெரிவிக்கலாம் என்று குறிப்பின் அடியில் ஒரு வரி இருந்தது. நம் ஊரில் அரசுத் தேர்வு எழுதிய எவருக்கும் இந்த ஏழு நாள் தெரியும். எந்தக் கேள்விக்காவது விடையை மாற்றிவிட மாட்டார்களா என்று ராத்திரி பகலாகப் பழைய பாடப்புத்தகங்களைப் புரட்டுகிற நாட்கள் அவை. இந்தத் தடவை கட்சி மாவட்டம் மாவட்டமாக ஆள் திரட்டியது. மூன்று லட்சத்துப் பன்னிரண்டாயிரம் ஆட்சேபங்கள் வந்தன. அத்தனையும் ஒரே வாசகம், ஒரே எழுத்துப்பிழை. அந்தப் புதன்கிழமை ஞாயிற்றுக்கிழமைதான் என்று அமைச்சரின் சொந்தத் துறையே லெட்டர்பேடில் எழுதிக் கொடுத்திருந்தது.

ஹரிபிரசாத் பத்திரிகையாளர்களைக் கூட்டினார். அவர் பேசியதை நான் முழுதாகப் பார்த்தேன்.

“கிழமை என்பது ஒரு கருத்து. மூன்று லட்சத்துப் பன்னிரண்டாயிரம் குடிமக்கள் அன்று ஞாயிறு என்கிறார்கள். புதன் என்று சொல்வது காலண்டர் ஒன்றுதான். ஜனநாயக நாட்டில் ஒரு காலண்டருக்காக மூன்று லட்சம் பேரை ஒதுக்கிவிட முடியுமா?”

“சார், இந்தக் கட்டடம் தாம்பரத்துலதானே இருக்கு?” என்று ஒரு நிருபர் கேட்டார்.

“தாம்பரம் என்பதற்கு இருக்கிற ஒரே ஆதாரம் கட்டடப் பத்திரம். பத்திரங்களை நம்புவதென்றால், நம் தென்புறநகரில் ஏரி என்று ஒன்று இருந்ததே இல்லை என்றும் நம்ப வேண்டியிருக்கும். அந்தப் பத்திரங்களில் பாதிக்கு நானே கையெழுத்துப் போட்டிருக்கிறேன், ஆகவே சொல்கிறேன்.”

“நூறுல ஏழு போனா நூறா சார்?”

“இந்த ஆட்சியில் எதுவும் குறையவில்லை என்பதே மாண்புமிகு அமைச்சரின் விடை. அதை மறுக்கிற துணிச்சல் எந்தத் துறைக்கும் இல்லை. எனக்கும் இல்லை.”

ஓய்வுபெற்ற மூன்று பேராசிரியர்கள் அடங்கிய நிபுணர் குழு ஆராய்ந்தது. இரண்டு விடையும் சரி என்று சொல்லி எல்லோரையும் தேற்றிவிடலாமா என்று முதலில் யோசித்திருக்கிறார்கள். தலைவர் சொன்னதற்குச் சமமாக ஒரு வேன் டிரைவர் சொன்னதையும் வைப்பதா என்று கட்சி கோபித்துக்கொண்டது. ஆக, இறுதி விடைக்குறிப்பு வந்தபோது இருபது கேள்விக்கும் அமைச்சரின் பதில்தான் விடை. ஞாயிறு என்பதே சரியான விடை, எந்தக் கிழமையில் கேட்டாலும். அமைச்சருக்கு இருபதுக்கு இருபது. ஜெரோமுக்கு மூன்று.

‘மனத்தகுதி இல்லை. பொதுமக்களைச் சுமக்க அனுமதிக்கலாகாது. ஒரே ஒரு மறுதேர்வு வாய்ப்பு உண்டு’ என்று அவருக்குக் கடிதம் வந்தது. பள்ளி நிர்வாகம் அன்றைக்கே வேனை நிறுத்தச் சொல்லிவிட்டது.

ஜெரோம் கடிதத்தை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். “சார், நீங்க படிச்சவரு. எனக்கு இன்னா சார் ஆச்சு? பத்தொம்போது வருசமா இந்த ரோட்ல ஓட்டிகினு கீறேன். நெஜமாவே எனக்கு ஏதாவது கீதா சார்? நம்மளுக்கே தெரியாம வர வியாதின்றாங்களே.”

ஒன்றும் இல்லை ஜெரோம் என்று சொல்லி அனுப்பினேன். ஆனால் முந்தின நாள் பெற்றோர் வாட்ஸப் குழுவில், ‘எதற்கும் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருப்பது நல்லது, பிள்ளைகள் விஷயம்’ என்று எழுதியவன் நான்தான். ஐந்து நிமிடத்தில் அழித்துவிட்டேன். அதற்குள் எட்டுப் பேர் கட்டைவிரல் காட்டியிருந்தார்கள். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

வேன் நின்றதிலிருந்து நிஷாவை வண்டியில் பின்னால் உட்காரவைத்து ஜி.எஸ்.டி. சாலையில் லாரிகளுக்கு நடுவே பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டு, அங்கிருந்து நாவலூர் ஆபீசுக்கு ஓடினேன். தினமும் தாமதம். மனத்தகுதி இல்லாத ஜெரோம் ஓட்டியபோது அவள் தூங்கிக்கொண்டே போவாள். தகுதியுள்ள நான் ஓட்டும்போது என் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

இதற்குள் தாம்பரம் ரயில் நிலைய நடைமேம்பாலத்தில் ‘மனத்தகுதித் தேர்வு வழிகாட்டி’ விற்பனைக்கு வந்துவிட்டது. அட்டையில் அமைச்சர் சிரித்துக்கொண்டிருந்தார். ‘முப்பது நாளில் தெளிவு பெறலாம்’ என்று இரண்டு பயிற்சி மையங்கள் பேனர் கட்டின. ஜெரோமுக்கு வீட்டிலேயே பயிற்சி. அவர் மனைவி கிறிஸ்டி மழலையர் பள்ளி டீச்சர். காலையில் பிள்ளைகளுக்கு ஞாயிறு, திங்கள், செவ்வாய் சொல்லிக்கொடுத்துவிட்டு, மாலையில் வந்து புருஷனுக்கு அதை மறக்கக் கற்றுக்கொடுத்தார். ஒரு நாள் நான் போயிருந்தபோது பாடம் நடந்துகொண்டிருந்தது.

“இன்னைக்கு என்ன கிழமைங்க?”

“வியாழன்.”

“தப்பு. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

“யோசிச்சா வியாழன்தாம்மா வருது.”

“அப்போ யோசிக்காம சொல்லுங்க,” என்றார் கிறிஸ்டி. சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. “நான் டீச்சர் சார். என் வாயால இதைச் சொல்ல வேண்டியிருக்கு பாருங்க.”

ஜெரோம் மனப்பாடம் செய்துவிட்டார். ஆனால் அது அவரைச் சும்மா விடவில்லை. நிஜமான ஞாயிறு அன்று கோயிலுக்குக் கிளம்பாமல் லுங்கியோடு உட்கார்ந்துகொண்டு, “இது மெய்யான ஞாயித்துக்கெழமையா, வாரியத்து ஞாயித்துக்கெழமையா?” என்று கேட்டாராம்.

மறுதேர்வு ஒரு வெள்ளிக்கிழமை. தகுதி இல்லை என்று ஆனவர்களோடு ‘சுயநினைவுள்ள பொறுப்பாளர்’ ஒருவர் வர வேண்டும் என்பது விதி. கிறிஸ்டிக்கு லீவு கிடைக்கவில்லை. நான் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டுப் போனேன். எனக்குச் சுயநினைவு இருக்கிறதா என்று ஒருவரும் சோதிக்கவில்லை, ஆதார் அட்டையை மட்டும் நகல் எடுத்துக்கொண்டார்கள்.

அமைச்சரும் வந்திருந்தார். இருபதுக்கு இருபது எப்படி என்று எதிர்க்கட்சி வழக்குப் போட்டு, சந்தேகம் தீர இன்னொரு முறை தேர்வு என்று ஆகியிருந்தது. கட்சிக்குக் கவலையே இல்லை. விடைக்குறிப்பே தலைவர்தானே? அவர் எப்போதும்போல் இருந்தால் போதும்.

அன்றைக்கு என்று பார்த்து அவர் எப்போதும்போல் இல்லை. நல்ல தூக்கம் தூங்கி எழுந்த முகம். வந்ததும் வராததுமாக, “ஏம்ப்பா, ஒரு கல்யாண மண்டபத்து மாடில இன்னாத்துக்கு அரசு அலுவலகம் நடத்துறீங்க?” என்று கேட்டார். ஹரிபிரசாத்தின் முகம் அப்போதே வெளுத்துவிட்டது.

முதலில் ஜெரோமைக் கூப்பிட்டார்கள்.

“இன்று என்ன கிழமை?”

ஜெரோம் கண்ணை மூடிக்கொண்டார். “ஞாயிறு.”

“எங்கே இருக்கிறீர்கள்?”

“பல்லாவரம் பள்ளிக்கூடத்துல.”

“நூறிலிருந்து ஏழு போனால்?”

“அது எதுக்குப் போவணும்? நூறும் இருக்கட்டும்.”

இருபதும் முடிந்தது. எழுத்தர் இருபது டிக் போட்டார். பக்கத்து நாற்காலியிலிருந்து அமைச்சர் ஜெரோமையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் மெதுவாக, “பாவம்ப்பா. இவரு இன்னா வேல பாக்குறாரு?” என்று கேட்டார்.

“ஸ்கூல் வேன் ஓட்டுறாருங்கய்யா.”

“ஸ்கூல் வேனா?” அமைச்சர் எழுந்தே விட்டார். “இவரு கைலயா கொழந்தைங்கள குடுக்குறீங்க? நல்லா கீதுய்யா உங்க நிர்வாகம்! மொதல்ல ஒரு நல்ல டாக்டர் கிட்ட காட்டுங்க. ஆறு மாசம் வண்டியத் தொடக்கூடாது இவரு.”

ஜெரோமுக்குப் பொறுக்கவில்லை. “அய்யா, மன்னிக்கணும். இதெல்லாம் என் பதிலு இல்லீங்கய்யா. உங்க பதிலு. போன தபா நீங்க சொன்னதுதான். அதத்தான் சரின்னு புக்கே போட்டுகீறாங்க.”

அமைச்சர் ஹரிபிரசாத்தைப் பார்த்தார். ஹரிபிரசாத் மேசை விரிப்பைப் பார்த்தார். கீழே கெட்டிமேளம் கொட்டியது. அமைச்சர் கை நீட்டி வழிகாட்டிப் புத்தகத்தை வாங்கி, இரண்டு பக்கம் படித்தார். அட்டையில் சிரிக்கிற தன் முகத்தையும் பார்த்தார்.

“நானா இப்படிச் சொன்னேன்?” என்றார். “ஒருத்தர்கூட எங்கிட்ட சொல்லலையேப்பா.” அந்தக் குரலைக் கேட்டு எனக்கு என்னவோ செய்தது. இத்தனை நாள் அவரை வைத்துச் சிரித்த வீடியோக்களில் நாலைந்தை நானும் ஆபீஸ் நண்பர்களுக்கு அனுப்பியிருக்கிறேன்.

அவருடைய தேர்வும் நடந்தது. வெள்ளி என்றார், கிழக்குத் தாம்பரம் என்றார், தொண்ணூற்று மூன்று என்று சொல்லிவிட்டு அதிலும் ஏழு ஏழாகக் கழித்து இரண்டு வரை போனார். எழுத்தர் ஒவ்வொன்றாகத் தப்புப் போட்டார். மாணிக்கவேல், இருபதுக்கு மூன்று. மனத்தகுதி இல்லை.

“அது கெடக்கட்டும். ஒரு வெள்ளப் பேப்பர் குடுங்க. ராஜினாமா எழுதித் தரேன்,” என்றார் அமைச்சர்.

ஹரிபிரசாத் எழுந்து நின்று கைகட்டினார். “அய்யா, மன்னிக்க வேண்டும். விதி பதினொன்றின்படி, மனத்தகுதி இல்லாதவர் கொடுக்கும் ராஜினாமா செல்லாது. இன்றைய தேதியில் தங்களுக்குத் தகுதி இல்லை.”

“தகுதி இல்லன்னாதானேய்யா போவணும்?”

“தகுதி இல்லையென்றால் தாங்கள் எடுக்கும் முடிவு எப்படிச் செல்லும்? தகுதி வந்தபிறகு ராஜினாமா செய்யலாம்.”

“எனக்குத் தகுதி வரணும்னா, இன்னிக்கு ஞாயித்துக்கெழமன்னு நான் சொல்லணும்.”

“ஆமாம் அய்யா.”

“அப்படிச் சொல்ற அன்னிக்கு ராஜினாமா பண்ணணும்னு எனக்கே தோணாதேய்யா!”

“மிகச் சரியாகச் சொன்னீர்கள் அய்யா,” என்றார் ஹரிபிரசாத். “ஆனால் அது விடைக்குறிப்பில் இல்லை.”

இரண்டு பேர் கையைப் பிடித்து அமைச்சரை அழைத்துப்போனார்கள். படியில் இறங்கும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். உடல்நலக் குறைவால் அன்றைய தேர்வை அமைச்சர் எழுதவில்லை, பழைய மதிப்பெண்ணே செல்லும் என்று சாயங்காலம் செய்தி வந்தது. ஜெரோமுக்கோ கையோடு சான்றிதழ் கொடுத்துவிட்டார்கள். முத்திரை, கோபுரச் சின்னம், முழுத் தகுதி. பின்னிணைப்பாக அவருடைய இருபது பதில்களும் அச்சிட்டு இணைக்கப்பட்டிருந்தன.

லைசன்ஸ் முடிய மூன்று நாள் இருந்தது. திங்கட்கிழமை ஜெரோமே வேனை ஓட்டிக்கொண்டு ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போனார். பொறுப்பாளன் என்ற முறையில் நானும் கூடப் போனேன். அங்கே பிரேக் இன்ஸ்பெக்டர் சரிதா என்ற பெண்மணி. சான்றிதழைப் படித்தார். பின்னிணைப்பைத் திருப்பி, அதையும் வரி விடாமல் படித்தார். சான்றிதழின் பின்பக்கத்தை ஓர் அரசு ஊழியர் படித்து அன்றுதான் பார்த்தேன்.

“ஜெரோம், இதெல்லாம் நீங்க சொன்ன பதிலா?”

“ஆமா மேடம்.”

“இதை வெச்சு நான் லைசன்ஸ் தர முடியாது.”

“மேடம், இருவதுக்கு இருவது மேடம். மந்திரிக்கே இதான் மேடம்.”

“மந்திரிக்குப் போதும். பதினாலு பிள்ளைங்க ஏர்ற வண்டிக்கு இது போதாது,” என்றார் சரிதா.

ஜெரோமுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. ஒரு மாதமாக அந்த முகத்தில் நான் அதைப் பார்க்கவில்லை. “அதான் மேடம்! நான் வூட்ல அதயேதான் சொல்லிகினு கீறேன். இத்த வெச்சுகினு எவனாவது வேன் ஓட்ட வுடுவானா?” என்றார். பிறகு குரல் இறங்கிவிட்டது. “அப்போ எனக்கு இன்னா மேடம் வழி?”

சரிதா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். “சாவி இருக்குல்ல? எடுங்க.”

வேனில் ஏறி ஜெரோமுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் பின்சீட்டில், பிள்ளைகள் உட்காரும் இடத்தில். பெருங்களத்தூர் வரை போய்த் திரும்பினோம். ஜெரோம் ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கி, வண்டியைச் சுற்றி வந்து, சக்கரத்தின் கீழே குனிந்து பார்த்துவிட்டுத்தான் ஏறினார். அது சரிதாவுக்காகச் செய்ததில்லை, பத்தொன்பது வருடப் பழக்கம். குறுக்கே ஓடிய நாய்க்கு நின்றார். ஹாரன் அடித்துக்கொண்டே முட்டுவதுபோல் வந்த பேருந்துக்கு வழி விட்டார். சரிதா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“கடைசியா யாரை இறக்கிவிடுவீங்க?”

“நிஷா பாப்பாவ, மேடம். தூங்கிடும் அது. அவங்க அம்மா வந்து தூக்கிகினு போற வரைக்கும் வண்டிய எடுக்க மாட்டேன்.”

ஆபீசுக்குத் திரும்பியதும் சரிதா வாரியச் சான்றிதழை ஓரமாக வைத்துவிட்டு, படிவத்தில் தன் கையால் எழுதினார்: ‘நேரில் ஓட்டச் சொல்லிப் பார்த்தேன். நல்ல ஓட்டுநர். இதற்கு நான் பொறுப்பு.’ கீழே முழுப்பெயர், கையெழுத்து.

“மேடம், உங்களுக்கு ஏதாவது பேஜார் ஆயிடப்போவுது,” என்றார் ஜெரோம்.

“யாராவது ஒருத்தர் பேர் போட்டாத்தானே ஆகும்,” என்றார் அவர்.

மறுநாளே வேன் ஓடியது. நிஷா தூங்கிக்கொண்டே பள்ளிக்குப் போனாள், நான் நேரத்துக்கு நாவலூர் போய்ச் சேர்ந்தேன். வெள்ளிக்கிழமை சரிதாவைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்தார்கள். வாரியத்தின் இறுதி விடைக்குறிப்பை மதிக்காத ஓர் அதிகாரியின் மனத்தகுதி ஆராயப்பட வேண்டியது என்று உத்தரவில் இருந்தது.

ஞாயிறு காலை ஜெரோம் ஒரு முழுநீளத் தாளோடு வந்தார். சரிதாவை மறுபடி வேலைக்கு எடுக்கச் சொல்லும் மனு. கிறிஸ்டியின் அழகான டீச்சர் கையெழுத்து. கீழே ஒன்று, இரண்டு, மூன்று என்று பதினாறு வரை எண் போட்டிருந்தது.

“மொதல்ல உங்க கிட்டதான் சார் வந்தேன். நீங்கதான் எல்லாத்தையும் கூட இருந்து பாத்தவரு. பெத்தவங்க எல்லாரும் போட்டா ஒரு பலம் சார்.”

“கட்டாயம் ஜெரோம்,” என்றேன். பேனாவை வாங்கினேன். எண் ஒன்றுக்கு நேராக வைத்தேன். மனுவைக் கையில் எடுக்கிறவர்கள் முதலில் படிக்கிற பெயர் எது என்று ஒரு கணம் தோன்றியது. வீட்டுக் கடன், ஆபீஸ், நிஷாவின் படிப்பு எல்லாம் ஞாபகம் வந்தது. பேனாவைக் கொஞ்சம் கீழே இறக்கி, மூன்றாவது இடத்தில் கையெழுத்துப் போட்டேன். என்னைவிடப் பெரியவர்கள் யாராவது மேலே போடட்டும், மரியாதைக்கு, என்று ஜெரோமிடம் சொன்னேன். ஜெரோம் தலையாட்டிவிட்டுப் போனார்.

மத்தியானம் அவர் திரும்பி வந்தார். பதினான்கு வீட்டுக்காரர்களும் போட்டிருந்தார்கள், ஒருவர் பாக்கியில்லை. மூன்றிலிருந்து பதினாறு வரை நிரம்பியிருந்தது. ஒன்றும் இரண்டும் வெறுமையாக இருந்தன.

ஜெரோம் தாளை என் வீட்டுச் சுவரில் வைத்து, முதல் இடத்தில் தன் பெயரை நிதானமாக எழுதினார்.

“எனக்கும் கிறிஸ்டிக்கும் சேத்து எல்லாருமா மேல எடம் வுட்டு வெச்சிகீறீங்க. ரொம்ப தேங்ஸ் சார்,” என்றார்.

அதை அவர் மனதாரச் சொன்னாரா, குத்திச் சொன்னாரா என்று அவர் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டிருக்கலாம். நான் பார்க்கவில்லை.